அப்ப மாவுக்குள் இருக்கும் கள்ளையும் சொல்லுங்கள்

கொழும்பில் உணவு, வைன் விழாக்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எந்த ஒரு விழாவையும் பெயர் சொல்லிக் குறை கூற இந்த மடலை எழுதவில்லை. ஹோட்டல்காரர்கள், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள், வைன் இறக்குமதி செய்பவர்கள் என்று பலர் சேர்ந்துதான் இவற்றை நடத்துகிறீர்கள். விழாவுக்கு விழா ஆட்கள் மாறினாலும் நடத்தும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நன்றி. 2022 இல் காஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் விடிய விடிய வரிசையில் நின்ற ஊர் இது. அதே ஊரில் சாப்பாடும் பாட்டுமாக ஒரு பின்னேரத்தைக் கழிக்க இடம் இருப்பது எங்களுக்குப் பெரிய விஷயம். நாங்கள் ஒன்றாகப் படித்த தோழிகள். ஒருத்தி ஹற்றன்காரி, ஒருத்தி தெமட்டகொடையில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளை, ஒருத்தி மொறட்டுவைச் சிங்களப் பெண், நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பம். வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று ஆளுக்கொரு பக்கம் இழுபட்டுக்கொண்டிருப்பவர்கள். எங்களை ஒரு முழுநாள் ஒரே புல்வெளியில் உட்காரவைத்த புண்ணியம் உங்களுக்கு.

இன்னொரு நன்றியும் இருக்கிறது. இந்த நாட்டில் பெண்கள் மதுபானம் வாங்கக்கூடாது என்று 1979 இல் ஓர் அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் அதை நீக்கினார்கள். சில நாட்களுக்குள் ஜனாதிபதியின் உத்தரவில் அந்த நீக்கமே நீக்கப்பட்டது. அதை ஞாபகம் வைத்திருக்கிற எங்களுக்கு, ஒரு வைன் மேசைக்கு முன்னால் போய் நின்று கேள்வி கேட்க முடிந்ததும், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர் ஒரு கோணல் பார்வையும் இல்லாமல் மரியாதையாகப் பதில் சொன்னதும் சின்ன விஷயமாகப் படவில்லை. இதை அப்படியே வைத்திருங்கள்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வைன் மேசையில் நின்ற இளைஞர் தன் தொழிலில் கெட்டிக்காரர். ஜேர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளைந்த ரீஸ்லிங் திராட்சையின் வைனை ஊற்றிக்கொண்டே கதை சொன்னார். சிலேட் கல் நிறைந்த நிலம் அது. சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். பகலில் சூடேறிய கல் இரவிலும் கொடிக்கு வெப்பம் கொடுக்கும். பழத்தோடு தோட்டத்திலிருந்து வரும் ஈஸ்ட்டிலேயே புளிக்க விடும் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் வைத்தபடி அமைதியாக நின்றோம். "எங்க அம்மா கொழுந்து பறிச்ச மலையும் அப்பிடித்தான் செங்குத்து" என்றாள் ஹற்றன்காரி, எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

அங்கிருந்து பத்து எட்டு எடுத்து வைத்தால் அப்பக் கடை. நாலு அடுப்பு, நாலு தாச்சி. ஓர் அம்மா தனியாளாக நின்று சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி மாவை ஊற்றி, இரண்டு கைப்பிடியையும் துணியால் பிடித்துத் தாச்சியை ஒரு சுழற்றுச் சுழற்றினால், ஓரத்தில் மெல்லிய சரிகையும் நடுவில் பஞ்சும் வந்துவிடும். நாலாவது தாச்சியில் மாவு ஊற்றி முடிக்கும்போது முதல் தாச்சி அப்பம் எடுக்கும் பதத்துக்கு வந்திருக்கும். மூடியைத் திறக்கும்போது வந்த வாசத்தில் லேசான புளிப்பு இருந்தது. "அம்மா, இதுக்கு என்ன விட்டுப் புளிக்க வைக்கிறீங்கள்?" என்று கேட்டேன். "கள்ளுத்தான் பிள்ளை. இரவே கரைச்சு வைக்கவேணும். ஈஸ்ட் போட்டால் பொங்கும், ஆனா இந்த வாசம் வராது" என்றார். கைவேலை நிற்கவில்லை.

பாருங்கள், இரண்டு மேசையிலும் ஒரே அற்புதம்தான். காற்றிலும் பழத்திலும் பாளையிலும் தானாகவே இருக்கும் ஈஸ்ட் இனிப்பைப் புளிக்கவைக்கிறது. ஒரு மேசையில் அதைச் சொல்ல ஆள் இருந்தது, அட்டை இருந்தது, ஊரின் பெயரும் ஆண்டும் இருந்தன. மற்ற மேசையின் மேலே தொங்கிய பலகையில் ஆங்கிலத்தில் 'அப்பம்' என்ற ஒரு சொல், கீழே விலை. அந்த அம்மாவின் பெயரோ ஊரோ, கள்ளு எங்கிருந்து வந்தது என்பதோ எங்கேயும் இல்லை. வைனுக்குக் கொடுக்கும் மரியாதையை எங்கள் சாப்பாட்டுக்கும் குடிவகைக்கும் கொடுங்கள். நான் கேட்க வந்தது இவ்வளவுதான். கீழே எழுதுவதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

தெமட்டகொடைத் தோழி அப்பம் வாங்க வரிசையில் நின்றவள். கள்ளு என்று கேட்டதும் விலகிவிட்டாள். அவள் குடிப்பதில்லை, எங்களோடு இருக்க வேண்டும், நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும் என்றுதான் வந்தாள். நான் தற்செயலாகக் கேட்டிருக்காவிட்டால் தெரியாமலே சாப்பிட்டிருப்பாள். அப்புறம் அவள் ஒவ்வொரு கடையாகப் போய், இறைச்சி ஹலாலா, குழம்பில் வைன் விட்டார்களா, புடிங்கில் போட்ட ஜெலற்றின் எதிலிருந்து எடுத்தது என்று கேட்க வேண்டியிருந்தது. பாதிக் கடைகளில் பரிமாறிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் கதையும் அதுதான். சனிக்கிழமை நான் சைவம். இந்த நாட்டில் சைவச் சாப்பாட்டுக்காரருக்குப் பெரிய கண்ணி, சம்பலுக்குள் இடித்துப் போடும் மாசிக் கருவாடு. சீனிச்சம்பலிலும் இருக்கும், கட்டைச் சம்பலிலும் இருக்கும், சில இடங்களில் பருப்புக் கறியிலும் இருக்கும். மரக்கறி என்று பச்சை இலைப் படம் ஒட்டியிருந்த ஒரு கடையில் வாங்கிய ரொட்டியோடு வந்த சம்பலில் மாசி இருந்தது. அதே நாளில் அந்த வைன் இளைஞரிடம் விளையாட்டாகக் கேட்டேன், "உங்கள் வைன் சைவமா?" என்று. அவர் யோசிக்கவே இல்லை. வைனைத் தெளியவைக்கச் சில இடங்களில் முட்டை வெள்ளைக்கருவும், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளும் பாவிப்பார்கள் என்றும், இந்தப் போத்தலுக்கு அப்படி எதுவும் சேர்க்கவில்லை என்றும் விளக்கினார். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் அடைத்த போத்தலுக்குள் மீன் பட்டதா இல்லையா என்று சொல்ல ஆள் இருந்தது. கண்ணுக்கு முன்னால் இடித்த சம்பலில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு கடையிலும் உள்ளங்கை அகல அட்டை ஒன்று போதும். என்னென்ன சேர்ந்திருக்கிறது, கள்ளா ஈஸ்ட்டா, மாசி உண்டா, ஹலாலா என்று மூன்று மொழியிலும் நாலு வரி. அதற்குச் செலவு ஒன்றுமே இல்லை.

மூன்று மொழி என்று சொன்னதை இங்கேயே விரித்துவிடுகிறேன். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அது அரச அலுவலகங்களுக்கான ஏற்பாடு, தனியார் விழாவைக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் சொல்லலாம். சட்டத்தைக் காட்டி உங்களை மடக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்று அந்தப் புல்வெளியில் நின்ற கூட்டத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். வெள்ளவத்தைத் தமிழ், கொட்டாஞ்சேனைத் தமிழ், மலையகத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ் என்று எல்லாத் தமிழும் அங்கே கலந்து ஒலித்தன. கடைகளுக்குள் நின்று சுட்டவர்களும் கழுவியவர்களும் தங்களுக்குள் சிங்களத்திலும் தமிழிலும்தான் கதைத்தார்கள். பலகைகளில் மட்டும் ஆங்கிலம். மொறட்டுவைத் தோழியும் இதைத்தான் சொன்னாள். அவளுடைய அம்மாவை அடுத்த முறை கூட்டிவர ஆசை, ஆனால் அம்மாவுக்கு ஒரு பலகையும் வாசிக்க முடியாதே என்று.

யாழ்ப்பாணத்துக் கூழைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு கடையில் கூழ் என்று எழுதியிருந்ததைக் கண்டதும், எனக்குச் சைவ நாள் என்பதால், தோழிகளை இழுத்துக்கொண்டு போய் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் கோப்பையில் சிவப்பாக, வழவழவென்று ஏதோ வந்தது. மொறட்டுவைக்காரி இரண்டு வாய் குடித்துவிட்டு, "நல்ல சூப்" என்றாள். மணத்திப் பார்த்தேன். சோளமாவில் தடிப்பாக்கிய இறால் குழம்பு அது. ஒடியல் மா இல்லாமல் ஒடியல் கூழ் எப்படி வரும்?

ஒடியல் என்பது பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது. அதை இடித்து எடுக்கும் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை வடித்து வடித்துக் கசப்பைப் போக்க வேண்டும். ஒரு பெரிய பானையில் ஒரு கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு எல்லாம் வேகும். நண்டு, இறால், மீன்தலை, கணவாய் பிறகு சேரும். செத்தல் மிளகாயை அரைத்துப் புளியோடு கரைத்து விடுவார்கள். ஒடியல் மாக் கரைசல் கடைசியில் போகும், முருங்கையிலையும் அதோடு. பானையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, பனையோலையில் கோலிய பிளாவில் சுடச்சுட ஊற்றிக் குடிப்பது. தனியாக ஒரு ஆளுக்குக் கூழ் காய்ச்சுவது என்ற பேச்சே எங்கள் வீடுகளில் இல்லை. காய்ச்சினால் பக்கத்து வீட்டுக்கும் போகும். நண்பர்கள் கூடும் ஒரு விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியாது. ஒரு பெரிய பானை, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் கைப்பக்குவமுள்ள ஒரு அம்மா, ஒரு கட்டுப் பிளா. மணித்தியாலத்துக்கு ஒருமுறை காய்ச்சுங்கள், மக்கள் சுற்றி நின்று பார்க்கட்டும். உங்கள் சமையல் மேடையில் தொப்பி போட்ட செஃப் ஒருவர் பாஸ்தா செய்து காட்டினார். அதையும் நான் கைதட்டித்தான் பார்த்தேன். அதே மேடை கூழுக்கும் வேண்டும்.

பனை என்று தொடங்கினால் ஒரு முழுக் கடை வரிசையே வரும். பனங்கட்டி, கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பனம்பழக் களியைப் பாயில் பரப்பிக் காயவைக்கும் பினாட்டு, பனங்காய்ப் பணியாரம். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் இறக்கும் கருப்பநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதுவே கள். வடமராட்சியின் திக்கம் வடிசாலை அதைக் காய்ச்சிப் பனஞ்சாராயம் எடுப்பதற்குப் பேர் போனது. பனை அபிவிருத்திச் சபை என்று ஓர் அரச சபை 1978 முதல் இருக்கிறது. வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சீவல் தொழிலாளர் அவற்றின் உறுப்பினர்கள். காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் கத்தியும் முட்டியும் கட்டி மரமேறும் அந்த மனிதர்களில் ஒருவரை நீங்கள் ஒருமுறை அழைத்துப் பார்க்க வேண்டும். எந்த மரத்தின் கள் இனிப்பு, எது கைப்பு, மழைக்குப் பிறகு ருசி எப்படி மாறும் என்று அவர் சொல்லும்போது, மோசல் சரிவைப் பற்றிக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அதே கவனத்தோடு கேட்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

யாழ்ப்பாணம் தூரம், கள் ஒரு நாளில் புளித்துவிடும் என்றால், பக்கத்திலேயே வாதுவை இருக்கிறது. புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியே பாணந்துறைக்குப் போகும் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கி இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் போதும். வாதுவை, களுத்துறைப் பக்கத் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் தும்புக் கயிறு கட்டி, தரையில் இறங்காமலே கயிற்றின் மேல் நடந்து பாளை சீவுகிறார்கள். இலங்கையின் தென்னஞ்சாராயம் அந்தக் கள்ளில் பிறந்ததுதான். நல்ல வகைகளை ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். ஓக் பீப்பாயைப் பற்றி அன்று நாங்கள் நிறையவே கேட்டோம். திருகோணமலைக் காடுகளோடு பேர் சேர்ந்த ஹல்மில்லவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அனுமதிச் சிக்கல் இருப்பது எனக்கும் தெரியும். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கள்ளு இறக்கவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2006 இல் வந்த சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது, விளம்பரமும் கூடாது. எல்லாம் சரியான கட்டுப்பாடுகள்தான். ஆனால் வைனும் அதே சட்டத்துக்குள்தான் வருகிறது, அதற்கு நீங்கள் அலைந்து திரிந்து அனுமதி எடுக்கிறீர்கள். அந்த அலைச்சலில் கூட்டுறவுச் சங்கம் ஒன்று போத்தலில் அடைத்த கள்ளுக்கும் ஒரு விண்ணப்பம் சேரட்டும். அதுவும் கிடைக்காவிட்டால் ஒடியலுக்கும் பினாட்டுக்கும் பனங்கட்டிக்கும் மதுவரித் திணைக்களத்தின் கையெழுத்து தேவையில்லையே. யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தலும் உண்டு. முந்திரிகை என்று நாங்கள் சொல்வது திராட்சையைத்தான். அங்கே துறவியர் மடங்களில் செய்கிற முந்திரிகை ரசமும் நெல்லி ரசமும் ஊரெல்லாம் பேர் போனவை. திராட்சைக்கென்றே நடக்கும் விழாவில் இந்த நாட்டுத் திராட்சையின் ஒரு குலைகூட இல்லாதது எனக்குக் கவலையாக இருந்தது.

இனித் தேயிலை. குடிக்காதவர்களுக்கென்று அன்று இருந்தது சோடா, பெட்டி ஜூஸ், மெஷினில் இருந்து வரும் ஐஸ் டீ. ஐஸ் டீ எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று ஹற்றன்காரி கேட்டதற்குப் பரிமாறியவர் கம்பனியின் பேரைச் சொன்னார். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கியது இந்த நாட்டின் தேயிலைத் தொழில். நுவரெலியா, டிம்புள்ள, ஊவா, உடபுசல்லாவ, கண்டி, சபரகமுவ, றுகுணை என்று ஏழு பிரதேசம், ஏழு ருசி. டிம்புள்ளையில் ஜனவரி முதல் மார்ச் வரை வரண்ட குளிர் காற்றில் கிடைக்கும் தேயிலை ஒரு தினுசு. ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில் கொழுந்துக்கு ஏறும் அந்தக் குளிர்ச்சியான வாசம் வேறொரு தினுசு. நிலம், உயரம், காற்று, பருவம் என்று வைனுக்குச் சொல்லும் எல்லாமே தேயிலைக்கும் உண்டு. ஏழு தேயிலையை வரிசையாக வைத்து ருசி பார்க்கவிடும் ஒரு மேசை இருந்திருந்தால், தெமட்டகொடைத் தோழி கையில் சோடாப் போத்தலோடு எங்களுக்காகக் காத்து நின்றிருக்க மாட்டாள். அந்த மேசைக்குப் பின்னால் கொழுந்து பறித்த ஒரு பெண் நின்று, எந்த இலை, எத்தனை இலை, ஏன் விடியற்காலை என்று தமிழில் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஹற்றன்காரி அன்று வீட்டுக்குப் போகும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய அம்மா உயிரோடு இருந்தவரை, தான் பறித்த தேயிலை கடைசியில் எந்தப் பெயரில் எங்கே போகிறது என்று அறியாமலே இருந்தவர்.

வைனையும் எங்கள் சாப்பாட்டையும் சேர்த்துவைக்கும் வேலையும் பாக்கி இருக்கிறது. சேர்த்து ருசி பார்க்கும் மேசையில் இருந்தவை சீஸ், ஒலிவ், மெல்லியதாய்ச் சீவிய குளிர்ந்த இறைச்சி. நாங்கள் நாங்களாகவே செய்து பார்த்தோம். மொறட்டுவைக்காரி முருங்கையிலை போட்ட யாழ்ப்பாண நண்டுக் கறியோடு ஒரு கடுஞ்சிவப்பு வைனைக் குடித்தாள். வாய் பற்றி எரிந்தது. மதுசாரம் கூடிய வைன் மிளகாயின் காரத்தை ஏற்றிவிடும். சிவப்பு வைனின் துவர்ப்பும் அதோடு சேர்ந்தால் நாக்குத் தாங்காது. பிறகு அந்த இளைஞரிடம் போய்க் கேட்டோம். அவர் மதுசாரம் குறைந்த, மெல்லிய இனிப்புள்ள ரீஸ்லிங்கை ஊற்றித் தந்தார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. நண்டின் இனிப்பு தனியே தெரிகிறது என்றாள். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. கேட்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. அம்புல் தியல் மீன்கறியின் கொறுக்காய்ப் புளிப்புக்கு எது, வாழையிலையில் கட்டிய லம்பிறைஸ் சோற்றுக்கு எது, மலாய் வீடுகளின் பாபத் என்ற இரைப்பைக் கறிக்கு எது, வட்டிலப்பத்தின் கித்துள் இனிப்புக்கு எது என்று ஒரு மேசை போடுங்கள். பறங்கியரும் மலாய்க்காரரும் சோனகரும் சிங்களவரும் தமிழரும் ஒருவர் அடுப்பை ஒருவர் எட்டிப் பார்த்துச் சமைத்த ஊர் கொழும்பு. இந்த மேசையை உலகத்தில் வேறெந்த ஊரிலும் போட முடியாது.

இங்கே ஒரு சின்ன விஷயம். கொழும்பு வெயிலில் சிவப்பு வைன் போத்தலை மேசையில் அப்படியே வைக்காதீர்கள். 16, 18 பாகையில் குடிக்க வேண்டியது எங்கள் கைக்கு வரும்போது வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பெட்டி ஐஸ் போதும்.

கடை வாடகையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அப்பம் சுட்ட அந்த அம்மா கடைக்காரி அல்ல, கூலிக்கு வந்தவர். கடை ஒரு பெரிய நிறுவனத்தினுடையது. வாடகையைக் கேள்விப்பட்டபோது, இந்த ஊரின் நல்ல கைகள் ஏன் அங்கே இல்லை என்று விளங்கியது. வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை, வீட்டிலிருந்தே இடியப்பமும் பிட்டும் பலகாரமும் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கொம்பனித்தெருவில் மலாய்ச் சமையல், புதுக்கடையில் இரவுச் சாப்பாடு, காலிமுகத்திடலில் இறால் வடை வண்டிகள். கொழும்புக்குச் சோறு போடுகிறவர்கள் இவர்கள்தான். ஒரு வரிசைக் கடைகளையாவது இவர்களுக்கென்று ஒதுக்குங்கள். வாடகைக்குப் பதிலாக விற்பனையில் ஒரு பங்கை எடுங்கள். அடுப்பு, தண்ணீர், மின்சாரத்தை நீங்கள் கொடுங்கள். மேலே அவர்களுடைய பெயரையும் தெருவையும் எழுதுங்கள். ஆடிவேல் திருவிழாவின் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும்போது காலி வீதியின் இரண்டு பக்கமும் கரும்பும் பலகாரமும் விற்ற சிறு கடைகளை என் அம்மம்மா சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாச் சாதி சனமும் எல்லா மதமும் அங்கே வந்து வாங்கித் தின்றதாம். சிறு வியாபாரிகளைக் கொண்டு பெருவிழா நடத்துவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

கைகழுவத் தண்ணீர்க் குழாய் கூட வேண்டும். நாங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள். அப்பத்தையும் நண்டையும் பேப்பர் துண்டால் துடைத்துச் சமாளிக்க முடியாது. குடிதண்ணீரை இலவசமாக வையுங்கள். வைன் குடிக்கிற இடத்தில் அது கட்டாயம். இரவு முடிந்ததும் வாசலில் ஆட்டோக்கள் கேட்ட காசு தாங்க முடியாததாக இருந்தது. வெள்ளவத்தைக்கும் மருதானைக்கும் இரண்டு பஸ்ஸை ஓடவிட்டால், குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா என்று யோசிக்கிறவரும் பஸ்ஸில் ஏறிவிடுவார்.

அடுத்த விழாவுக்கான கடை விண்ணப்ப அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் மேலே சொன்னவர்களில் ஒருவர் கண்ணிலும் படாது. விண்ணப்பத்தையும் கடை அட்டைகளையும் தமிழில் எழுதித் தர நான் தயார், சிங்களத்துக்கு மொறட்டுவைத் தோழி தயார். எங்களுக்குக் காசு வேண்டாம். தெமட்டகொடைத் தோழி எந்தெந்தக் கேள்விகளுக்கு அட்டையில் பதில் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே எழுதி வைத்திருக்கிறாள். கூழ் காய்ச்சத் தெரிந்த அம்மாக்களை வெள்ளவத்தையில் வீடு வீடாய்ப் போய்க் கேட்டுச் சொல்வதும் என் பொறுப்பு. ஒடியல் மா ஊரிலிருந்து வந்து சேர நாளெடுக்கும், ஆகவே கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் விழாவுக்கு வருகிற ஒருத்தி